வாய்க்கால் பாலத்துக்கு விஜயம்

சென்ற வாரம், பத்திரிகைத் தொழில் பழக வந்திருக்கும் உங்களில் ஒருவர் தாம் எழுதிய வரைவை என்னிடம் காட்டினார். பஸ் நிலையத்தில் பெண்களுக்கு நேரும் தொல்லையைப் பற்றிய செய்தி. தலைப்பில் விழிப்புணர்வு என்ற சொல் இருந்தது. உள்ளே பெண்ணின் வயது இருந்தது, அவள் படிக்கும் கல்லூரியின் பெயர் இருந்தது, தாவணியின் நிறம் இருந்தது, அவள் அழுததும் இருந்தது. தொல்லை கொடுத்தவனுக்கு "சில விஷமிகள்" என்ற இரண்டு சொற்கள் மட்டும் கிடைத்திருந்தன. நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

எல்லோரும் சேர்ந்திருக்கும்போது சொல்வது சுலபம். அது மாதிரி ஒரு வரைவை நாங்கள் ஏற்கெனவே ஒரு முறை அச்சிட்டுவிட்டோம். இரண்டாம் உலக யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால், தென்காசியில். அதனால் என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டு, பிறகு உங்கள் விருப்பம்போல் எழுதுங்கள்.

எங்களுடையது நான்கு பக்க வாரப் பத்திரிகை. சனிக்கிழமை வரும். ஆசிரியரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தன் பெயர் அச்சில் வருவதைக் கெட்ட பழக்கமாக நினைத்தவர் அவர். மற்றவர்கள் பெயரை அச்சில் போட்டே பத்திரிகையை நடத்திவந்தார் என்பது வேறு விஷயம். ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நான்காம் பக்கத்தில் "சாரல் வருகை" என்று ஒரு பகுதி வரும். திருநெல்வேலி வக்கீல் ஸ்ரீமான் இன்னார் குடும்ப சகிதம் விஜயம், ஐந்தருவிச் சாலை பங்களாவில் தங்கியிருக்கிறார் என்ற தினுசில் இருக்கும். திரும்பிப் போனால் "புறப்பாடு" என்று அதன் கீழே ஒரு வரி. உலகச் செய்தியைப் படிக்காதவர்கள்கூட அந்தப் பகுதியைப் படிப்பார்கள். மதுரை, ராஜபாளையம், அம்பாசமுத்திரம் என்று தபாலில் போகிற பிரதிகளும் பெரும்பாலும் அதற்காகவே போயின. பெயர் விட்டுப்போனால் அருவியில் குளித்ததே வீண் என்று நினைத்தவர்கள் உண்டு. அந்தப் பகுதியைத் திரட்டுவது என் வேலை. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பங்களாக் காவல்காரர்களும் பஸ் கண்டக்டர்களும் என்னைப் பார்த்தால் கேட்காமலே பெயர் சொல்வார்கள்.

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவே மேலகரம். அங்கிருந்து ஒரு சிறு கூட்டம் பெண் பிள்ளைகள் தென்காசிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்து படித்தார்கள். அவர்களை அழைத்துவந்தவர் ஞானம்மா டீச்சர். சுரண்டைக்காரர். மேலகரத்தில் வீடு பிடித்துத் தங்கி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பேசி, பிள்ளைகளைச் சேர்த்திருந்தார். காலையில் அவர் குடையோடு முன்னால் நடப்பார், பிள்ளைகள் பின்னால் வருவார்கள். அந்தப் பிள்ளைகளின் தெருக்களில் அதற்கு முன் எட்டாம் வகுப்பு வரை போன பெண் இல்லை.

வழியில் ஒரு வாய்க்கால் பாலம். அதன் கட்டைச் சுவரில் காலையும் மாலையும் சில இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள். சாரல் விழுந்தாலும் எழுந்திருப்பதில்லை. பெண் பிள்ளைகள் வரும்போது இரண்டு பக்கமும் காலை நீட்டிக்கொள்வார்கள். நடுவே ஒருத்தி ஒருத்தியாகத்தான் போக முடியும். நாடகப் பாட்டு பாடுவார்கள், பாட்டில் பிள்ளைகளின் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். மங்குஸ்தான் தின்று தோலை எறிவார்கள். அந்தத் தோலின் சாறு துணியில் பட்டால் கறுஞ்சிவப்பாகப் பிடித்துக்கொள்ளும், எந்த வெளுப்புக்கும் போகாது. வாயால் சொல்லாததைப் பாவாடை வீட்டில் போய்ச் சொல்லிவிடும். ஒரு நாள் ஒருத்தியின் குடையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார்கள். எதிரே ஒரு மாட்டுவண்டி வரும் வரை அவள் மழையில் நின்றாள்.

இது காதுக்கு வந்ததும் நாங்கள் எழுதினோம். "பெற்றோர்களுக்கு எச்சரிக்கை" என்று தலைப்பு. மேலகரம் சாலையில் பெண் குழந்தைகளுக்குச் சில விஷமிகள் தொல்லை கொடுப்பதாகவும், பெற்றோர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றும் எழுதினோம். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆசிரியருக்கும் எனக்கும் அதில் திருப்திதான்.

செவ்வாய்க்கிழமை ஞானம்மா டீச்சர் அலுவலகத்துக்கு வந்தார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். பத்திரிகையை மேஜைமேல் விரித்தார்.

"ஐயா, எச்சரிக்கை நல்லா இருக்கு. ஆருக்குப் போட்டீய?"

"பெத்தவங்களுக்கு."

"அவங்களும் எச்சரிக்கையா ஆயிட்டாவ. ரெண்டு பிள்ளைய பள்ளிக்கூடத்த விட்டு நின்னாச்சு. மத்ததும் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. பாலத்துல உக்காந்திருக்கவன் ஒருத்தனும் நிக்கல."

ஆசிரியர் பத்திரிகையைத் தன் பக்கம் திருப்பி, தான் எழுதியதை மறுபடி படித்தார். எங்கள் பத்திரிகைக்கு அவ்வளவு கீழ்ப்படிதலுள்ள வாசகர்கள் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"என்ன செய்யணும்ங்கிய டீச்சரம்மா?"

"நாலாம் பக்கத்துல குத்தாலத்துக்கு வந்தவங்க பேரெல்லாம் போடுதீயள்லா. எங்க பாலத்துக்கும் தெனமும் பெரிய எடத்து ஆளுக வாராவ. அவங்க பேரையும் போடுங்க."

நான் சிரித்துவிட்டேன். ஆசிரியர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் எனக்கு வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

"பேரு தெரியுமா?"

"பேரு தெரியாது. அவங்க பாட்டுதான் தெரியும்."

டீச்சர் போன பிறகு ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னவற்றை இன்றைக்கும் மறக்கவில்லை. "ஏலே, நீ போயி அங்கன உக்காரு. கேட்டத எழுதாத, பாத்தத மட்டும் எழுது. பேரு கேக்கும்போது எதுக்குக் கேக்குதோம்னு சொல்லிரு. மறைச்சு வாங்கின பேரு நமக்கு வேண்டாம். பிள்ளையள் பேரு, டீச்சரம்மா பேரு, பள்ளிக்கூடம் பேரு எதுவும் வரக் கூடாது. ஸ்ரீமான மட்டும் விட்டுராத. மரியாத கொறைஞ்சா கேஸ் போடுவான். மரியாதையா எழுதினா என்ன செய்வான்?"

அடுத்த திங்கட்கிழமை காலை பாலத்துக்குப் போனேன். எனக்கு அவர்கள் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். நான்காம் பக்கத்து ஆள் என்று தெரிந்திருந்தது.

"வாங்க அண்ணாச்சி. மங்குஸ்தான் சாப்பிடுங்க."

சொன்னவர் மகாலிங்கம். நெல் மண்டி ஆவுடையப்பனின் மகன். பாட்டில் பெயர் சேர்க்கும் திறமை அவருடையதுதான் என்று பிறகு தெரிந்தது. பழத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"இங்கன வாரவங்க பேரச் சாரல் வருகைல போடச் சொல்லியிருக்காவ."

"பாலத்துக்கு வந்ததையா?"

"பாலத்துக்கு வந்ததை. இங்கன என்ன செய்தீயளோ அதையும்."

மகாலிங்கம் யோசித்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். பக்கத்தில் இருந்தவன் அவர் விலாவில் இடித்தான். "ஏலே, பேப்பர்ல பேரு. வக்கீலுக்கும் ஜமீனுக்கும்தான் போடுவாவ."

"அப்பா பேரையும் சேத்துப் போடுங்க அண்ணாச்சி" என்றார் மகாலிங்கம். "நெல் மண்டின்னு போட்டாத்தான் நாலு பேருக்குத் தெரியும். எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போட முடியுமா?"

"எல்லாருக்கும் ஒரே எழுத்துதான்."

அந்த நேரத்தில் பிள்ளைகள் வந்தார்கள். கால்கள் நீண்டன, பாட்டு தொடங்கியது. பிள்ளைகள் புத்தகப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஓடவும் இல்லை. ஓடினால் சிரிப்பு அதிகமாகும் என்று தெரிந்த நடை அது. டீச்சர் என்னைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று, கட்டைச் சுவரில் அவர்களோடு உட்கார்ந்திருந்த என்னையும் என் கையிலிருந்த மங்குஸ்தானையும் பார்த்தார்.

"உங்க பேரும் வருமா?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

அந்த வாரம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். ஒரு விஷயத்தைக் கவனித்தேன். பிள்ளைகள் நல்ல பாவாடைக்கு மேலே ஒரு பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பள்ளி போய்ச் சேர்ந்ததும் கழற்றி மடித்து வைத்துவிட்டு, திரும்பும்போது மறுபடி கட்டிக்கொள்வார்கள். இதைவிட நல்ல விவரம் அந்த வருஷம் என் கண்ணில் படவில்லை. எழுதி நீட்டினேன். ஆசிரியர் அந்த வரியைப் பென்சிலால் அடித்தார்.

"நல்ல வரி ஐயா" என்றேன்.

"நல்ல வரிதான். பாவாடையப் பத்தி எழுதினா ஊரு பாவாடையப் பாக்கும். எறிஞ்சவன் கையப் பாக்க வைக்கணும்."

சனிக்கிழமை நான்காம் பக்கத்தில், மதுரையிலிருந்து வந்த ஒரு டாக்டருக்கும் செங்கோட்டை மர வியாபாரி ஒருவருக்கும் நடுவில் இப்படி வந்தது: "மேலகரம் சாலை வாய்க்கால் பாலம்: தென்காசி நெல் மண்டி ஸ்ரீமான் ஆவுடையப்பன் அவர்களின் குமாரர் ஸ்ரீமான் மகாலிங்கம், நண்பர்கள் சகிதம், வாரம் முழுவதும் காலையும் மாலையும் விஜயம். மங்குஸ்தான் அருந்தி, தோலை அவ்வழியே செல்லும் பள்ளிச் சிறுமிகள்மீது எறிந்து பொழுது போக்கினார். பாட்டும் பாடினார்."

இதோடு காரியம் முடிந்தது என்று நினைத்தேன். மகாலிங்கம் காலையிலேயே வந்து ஒரு கட்டுப் பத்திரிகை வாங்கிக்கொண்டு போனார். கடைத்தெருவில் நின்று விநியோகித்தார். "பாட்டும் பாடினார்" என்ற வரியை அவரே வாய்விட்டுப் படித்துக் காட்டியதாகக் கேள்வி.

திங்கட்கிழமை அலுவலக வாசலில் கூட்டம். வந்தவர்கள் எல்லாரும் இளைஞர்கள். ஒருவன் மகா கோபத்தில் இருந்தான்.

"அண்ணாச்சி, நானும் அஞ்சு நாளும் அங்கனதான் நின்னேன். நண்பர்கள் சகிதம்னு மொட்டையாப் போட்டா எப்படி? எங்க அப்பா கேக்காரு, நீ எங்கலே போனேன்னு."

பெயர், தகப்பனார் பெயர், தொழில், தெரு என்று அவர்களே வரிசையில் நின்று சொன்னார்கள். நான் எழுதியதை வாங்கிச் சரிபார்த்தார்கள். அச்சுக் கோத்துக்கொண்டிருந்த கம்பாசிட்டர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இவ்வளவு சுத்தமா ஆரும் பேரு குடுத்ததில்ல."

மகாலிங்கமும் வந்தார். அவருக்கு ஒரு சேர்க்கை இருந்தது.

"ஆவணில எனக்குக் கல்யாணம். பொண்ணு வீடு அம்பாசமுத்திரம். அதையும் ஒரு வரி சேத்துக்கிடுங்க. அவங்க வீட்ல நம்ம பேப்பர்தான் வாங்குதாவ."

இதை நான் கேட்டு வாங்கவில்லை. அவரே சொன்னார்.

ஆனால் பாலத்தில் கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. பெயர் வரும் என்று புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் பாதி. செவ்வாய்க்கிழமை டீச்சர் வந்தார். இந்த முறை குடையை மடக்கவில்லை. வாசலிலேயே நின்றார்.

"திருவிழாக் கூட்டிப்புட்டீயளே ஐயா. பள்ளிக்கூட மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. ஆடி முடியதுக்குள்ள இது ஓயலன்னா மேலகரத்துப் பிள்ளைய ஆரும் வர வேண்டாமாம். என்னையும் சுரண்டைக்கே போகச் சொல்லுதாரு. வீட்டு வாசல்ல நின்னு நின்னு கூட்டிட்டு வந்த பிள்ளைய. மறுபடி போயி நின்னா எவரு அனுப்புவாரு?"

யோசனை அவருடையதுதான் என்று யாரும் சொல்லிக்காட்டவில்லை. டீச்சர் போன பிறகு நான் சொன்னேன்: "ஐயா, நிறுத்திருவோம். நாம எழுத எழுத அவனுக சந்தோஷப்படுதானுவ."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு முறை எழுதி இரண்டு பிள்ளைகளை நிறுத்தியிருந்தோம். மறுமுறை எழுதிக் கூட்டம் சேர்த்திருந்தோம். மூன்றாம் முறையும் தவறினால் மேலகரத்துப் பிள்ளைகளின் படிப்பு போய்விடும். நான் அவருடைய இடத்தில் இருந்தால், போலீஸ் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு தலையங்கம் எழுதிவிட்டுக் கையைக் கழுவியிருப்பேன்.

"பாலத்துல இருக்கவன் படிக்கணும்னா நாம எழுதுதோம்?" என்று கேட்டார். "அவன் படிச்சா சிரிக்கத்தான் செய்வான். இது ஆடி மாசம். ஊர் ஊருக்கு ஆவணிக் கல்யாணத்துக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கான். மாப்பிள்ள எப்படின்னு விசாரிக்கவன் படிக்கணும். நீ எழுதி வச்ச பேரெல்லாம் கொண்டா."

அவர்கள் தந்த பெயர்களை அப்படியே போட்டோம். எத்தனை நாள் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்பதை, அந்த வாரமும் போய் நான் கண்ணால் பார்த்த அளவில் சேர்த்தோம். வந்து சும்மா உட்கார்ந்தவனைச் சும்மா உட்கார்ந்தார் என்றே எழுதினோம். மகாலிங்கத்தின் வரியின் முடிவில் "இவருக்கு வரும் ஆவணியில் விவாகம் நடைபெற இருக்கிறது" என்பது அவர் விரும்பியபடியே சேர்ந்தது. அம்பாசமுத்திரத்தை ஆசிரியர் அடித்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு பாலத்துக்கு வந்தாளா?"

"இல்ல ஐயா."

"பின்ன அவ ஊரு எதுக்கு?"

அடுத்த புதன்கிழமை ஆவுடையப்பன் வந்தார். பெரிய உடம்பு. வாசல்படி ஏறும்போதே குரல் உள்ளே வந்துவிட்டது.

"ஆருவே இத எழுதினது?"

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்றார் ஆசிரியர்.

"உக்கார வரல. அம்பாசமுத்திரத்துல இருந்து ஆளு வந்துட்டுப் போறான். மாப்பிள்ளைக்குப் பாலத்துல சோலி அதிகம் போலருக்கு, நாங்க வேற எடம் பாத்துக்கிடுதோம்ங்கான். வெத்தலையக்கூட தொடல. இந்த ஊருல நீரு பேப்பர் நடத்திருவீரா?"

"இதுல எது பொய்யின்னு சொல்லுங்க. மறுப்புப் போட்டுருதேன்."

"எம் மவன் அங்கன போறதே கெடையாது."

"அப்படியே போட்டுருவோம்." ஆசிரியர் பென்சிலை எடுத்தார். எழுதிக்கொண்டே நிதானமாக வாய்விட்டுப் படித்தார்: "ஸ்ரீமான் மகாலிங்கம் வாய்க்கால் பாலத்தில் நிற்பதே கிடையாது என்றும், பள்ளிச் சிறுமிகள்மீது மங்குஸ்தான் தோல் எறிந்ததே கிடையாது என்றும், அவர்களைப் பார்த்துப் பாடியதே கிடையாது என்றும் அவருடைய தகப்பனார் தெரிவிக்கிறார். சரியா இருக்கா அண்ணாச்சி? மொதப் பக்கத்துலயே போடலாம்."

ஆவுடையப்பன் குனிந்து தாளை எட்டிப் பார்த்தார்.

"இது அதவிட மோசமால்லா இருக்கு."

"நீங்க சொன்னதுதான்."

"பாட்டப் பத்தி நான் சொன்னேனா?"

"அப்ப பாடினது உண்மைதான்னு போடட்டுமா?"

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கேஸ் போட்டா?"

"தாராளமாப் போடுங்க. பேரு குடுத்தது உங்க பிள்ள. கல்யாணத்தப் போடச் சொன்னதும் அவருதான். கேட்டுப் பாருங்க. கோர்ட்ல நடக்கதையும் வாராவாரம் போட வேண்டியிருக்கும். அது எங்க வழக்கம்."

"அவனே சொன்னானா?" என்று கேட்டார். கம்பாசிட்டர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஆவுடையப்பன் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் அந்த நேரத்தில் கோபம் எங்கள்மேல் இல்லை.

"இப்ப என்னதாம்வே செய்யச் சொல்லுதீரு?"

"சாரலுக்கு வந்தவங்க திரும்பிப் போனா புறப்பாடுன்னு ஒரு வரி போடுவோம். பாலத்துக்கும் போடலாம்."

ஆவுடையப்பன் முகம் தெளிந்தது. "அப்ப இந்த வாரமே போடும்."

"அவரு புறப்படணுமே. நாங்க பொய் போட மாட்டோம். எங்க ஆளு ஒரு வாரம் அங்கன போயிப் பாப்பாரு. பாலம் காலியா இருந்தா போட்டுருவோம்."

"அதான் நான் சொல்லுதேம்லா."

"நீங்க பாலத்துலயா இருக்கீய அண்ணாச்சி?"

அவர் போன பிறகு ஆசிரியர் தண்ணீர் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு வாசல் கதவைத் தாழிடச் சொன்னார். பகலில் அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. நிதானமான குரலுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்பதை அன்று பார்த்தேன். தொழிலுக்கு வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. பயப்படாதவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

மறுபடி ஒரு வாரம் எனக்குப் பாலத்தில் டியூட்டி. முதல் நாள் இரண்டு பேர் இருந்தார்கள். என்னைக் கண்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் யாரும் இல்லை. மற்ற தகப்பனார்களும் நான்காம் பக்கத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்றாம் நாள் மாலை சாரலில் ஒரு குடை தெரிந்தது. கட்டைச் சுவரில் ஆவுடையப்பன் தனியாக உட்கார்ந்திருந்தார். மகனை நம்பாமல் காவலுக்கு வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்துவிட்டார்.

"நான் சும்மா காத்து வாங்க வந்தேன். எம் பேரப் போட்டுராதீரும்."

"என்ன செய்தீயன்னு பாத்துதான் போடுவோம் அண்ணாச்சி."

"குடையப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். வேற ஒண்ணும் செய்யல. நல்லாப் பாத்துக்கிடும்."

பிள்ளைகள் வரும் நேரம் ஆயிற்று. அவர் பாலத்தை விட்டு இறங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, வயலைப் பார்த்து நின்றார். அவர்கள் கடந்து போகும் வரை திரும்பவில்லை.

அன்றைக்கும் பிள்ளைகள் பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். அடுத்த நாளும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மாலை ஒருத்தியும் கட்டியிருக்கவில்லை. டீச்சருக்குப் பின்னால் வந்த ஒரு குட்டிப் பெண், மகாலிங்கம் வழக்கமாக உட்காரும் இடத்தைக் கொஞ்சம் பார்த்தாள். பையை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுக் கட்டைச் சுவரில் ஏறினாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதன்மேலேயே நடந்தாள்.

"ஏட்டி, எறங்கு. வாய்க்கால்ல விழுந்து தொலைக்காத" என்றார் டீச்சர். திட்டும்போது அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை "புறப்பாடு" வந்தது. ஸ்ரீமான் மகாலிங்கம் முதலானோர் வாய்க்கால் பாலத்திலிருந்து தத்தம் வீடுகளுக்குத் திரும்பினார்கள் என்று எழுதினோம். அதன் கீழே, "பெற்றோர்களுக்கு" என்ற தலைப்பில், மேலகரம் சாலைப் பாலம் காலியாக இருக்கிறது என்ற ஒரே வரி. எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிந்தவர்கள் இதற்கும் கீழ்ப்படியட்டும் என்றார் ஆசிரியர். நின்றுபோன இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி திரும்பி வந்தாள். மற்றவள் வரவில்லை. அவளுக்கு அதற்குள் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். எங்கள் எச்சரிக்கையின் கணக்கில் அது அப்படியே இருக்கிறது, எந்தப் புறப்பாடும் அதைத் தீர்க்கவில்லை. ஆடி முடிந்தது. பள்ளி மேனேஜர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் மேலகரத்திலேயே இருந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர்கள் சந்தா மட்டும் தொடர்ந்து கட்டினார்கள், சம்பந்தத்தைத் தொடரவில்லை.

அடுத்த வருஷம் எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்த மறுநாள் பிள்ளைகள் அலுவலகத்துக்கு வந்தார்கள். டீச்சர் வாசலில் நின்றுகொண்டார், அவர்களை மட்டும் உள்ளே அனுப்பினார். பாஸ் செய்தவர்கள் பெயரைப் போட வேண்டும் என்றார்கள். கட்டைச் சுவரில் நடந்தவள் பாஸ் செய்யும் வகுப்பில் இல்லை, ஆனாலும் வந்திருந்தாள்.

"எங்களுக்கு ஸ்ரீமான் மாதிரி ஒண்ணும் கெடையாதா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"குமாரின்னு போடுவோம்" என்றார் ஆசிரியர்.

"எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போட முடியுமா?"

நான் ஆசிரியரைப் பார்த்தேன். "எல்லாருக்கும் ஒரே எழுத்துதான் தாயி" என்றார் அவர்.

அந்தக் குட்டிப் பெண் மேஜையைப் பிடித்துக்கொண்டு எம்பிப் பார்த்தாள். "பாலத்து வழியாப் போனாவன்னு போடணும்."

ஆசிரியர் பென்சிலை எடுத்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு வருஷம் முன்னால் இந்தப் பிள்ளைகளின் பெயரோ பள்ளியோ அச்சில் வரக் கூடாது என்று என்னை எச்சரித்தவர் அவர். அவரே தன் கையால் சேர்த்து எழுதினார். பெயர்களை முழுசாக, தகப்பனார் பெயர்களோடு போட்டுவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தார்: "மேற்படி குமாரிகள் வருஷம் முழுவதும் வாய்க்கால் பாலம் வழியாக, நடந்தே, பள்ளிக்கு விஜயம் செய்து தேர்ச்சி பெற்றார்கள்."

எனவே, வரைவைக் காட்டிய நண்பர் அதை எடுத்துக்கொண்டு மறுபடி பஸ் நிலையத்துக்குப் போகலாம். தாவணியின் நிறத்தை அடித்துவிடுங்கள். கல்லூரியையும் அடித்துவிடுங்கள். அந்தப் பெண்ணின் பெயரை அவள் பாஸ் செய்யும்போது போட்டுக்கொள்ளலாம். அங்கே நிற்பவர்களிடம் எதற்கு என்று சொல்லிவிட்டு, மரியாதையாகப் பெயரைக் கேளுங்கள். தகப்பனார் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலும் தந்துவிடுவார்கள்.